பொரி எழுந்து நின்ற ஆடி

ஜூலை 8, செவ்வாய்

பெயர் பொரி. பெண் நாய், நாட்டு ஜாதி. வயது நான்கு. எடை பதினாலரைக் கிலோ.

காலை பத்து மணிக்கு இரண்டு ஊசி போட்டார்கள். மதியம் தண்ணீர் மட்டும் குடித்தது. சாயங்காலம் பால் சோறு இரண்டு வாய். ஒன்றுக்குத் தானாகப் போகவில்லை. ஆறு மணிக்கு நான் அமுக்கி எடுத்தேன்.

இந்த நோட்டை டாக்டர் கொடுத்தார். தினமும் தேதி போட்டு எழுதி, செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் கொண்டுவந்து காட்ட வேண்டுமாம். எதுவரை படித்திருக்கிறேன் என்று கேட்டார். ஒன்பதாவது என்றேன்.

"போதும். பாத்தத அப்படியே எழுதுங்க. நல்லா இருக்குன்னு எழுதாதீங்க. என்ன செஞ்சுச்சுன்னு எழுதுங்க."

பார்த்ததை எழுதுகிறேன். ரிங் ரோட்டில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பொரி அடிபட்டுக் கிடந்தது. முன்னங்கால்கள் நன்றாக இருக்கின்றன. இடுப்புக்குக் கீழே நனைந்த துணி மாதிரி கிடக்கிறது. அங்கே பஞ்சர் கடை வைத்திருக்கும் ஒருவர் பலகையில் கிடத்தி, லோடு ஆட்டோவை மறித்து ஏற்றிவிட்டார். செல்லூரில் இல்லாதப்பட்டவர்களின் பிராணிகளுக்கு இலவசமாகப் பார்க்கிற ஆஸ்பத்திரி இருக்கிறது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இத்தனைக்கும் நான் செல்லூரில் பதினோரு வருஷமாகக் குடியிருக்கிறேன்.

பழைய அரிசி மில்லைத்தான் ஆஸ்பத்திரி ஆக்கியிருக்கிறார்கள். ரேஷன் கார்டைக் காட்டினால் போதும், வேறு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு முன்னால் சாக்குப்பைக்குள் பூனையோடு ஒரு சுமைதூக்குகிறவர். அவருக்கு முன்னால் குப்பை வண்டி தள்ளுகிற அம்மா ஒருவர், பல் இல்லாத கிழட்டு நாயை மடியில் வைத்துக்கொண்டு, அதன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். சீட்டில் பிராணியின் பெயரையும் நம் பெயரையும் சேர்த்து எழுதுகிறார்கள். "பொரி பவுன்தாய்! உள்ள வாங்க" என்று கூப்பிட்டபோது ஒரு நிமிஷம் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் பெயர் ஜன்னத். முப்பத்தைந்து வயது இருக்கும். பொரியின் பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்தினார். கால் இழுத்துக்கொண்டது. எனக்கு உயிர் வந்தது. டாக்டர் முகம் மாறவில்லை. இன்னும் அழுத்தினார். பொரி வெடுக்கென்று தலையைத் திருப்பிக் கத்தியது. அப்போதுதான் அவர் சிரித்தார்.

"காலு இழுக்கறது பெரிசில்ல. அது தானா நடக்கும். வலி தலைக்குப் போயி, திரும்பிப் பாத்துச்சுல்ல? அதுதான் பெரிசு."

பிறகு படம் எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். பொரியின் முதுகெலும்பு கோத்துவைத்த மாதிரி வரிசையாகத் தெரிந்தது. நான்கு வருஷமாகத் தடவிக்கொடுத்த முதுகுக்குள் இவ்வளவு வேலைப்பாடு இருப்பது எனக்குத் தெரியாது.

"இதுக்குள்ள ஒரு கயிறு ஓடுது, மூளையிலேர்ந்து வாலு வரைக்கும். அறுந்திருந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாது. நசுங்கியிருக்குன்னுதான் நெனைக்கிறேன். நசுங்கினது சரியாகலாம். ஆகாமலும் போகலாம். எப்ப அடிபட்டுச்சு?"

"நேத்து சாயங்காலம்."

"அப்பவே ஏன் கொண்டுவரல?"

"காலையிலதான் பாத்தேன் டாக்டரம்மா."

"வீடு செல்லூர்ங்கிறீங்க. ரிங் ரோட்டுக்கு எப்படிப் போச்சு?"

அந்த நேரம் பொரி முனகியது. டாக்டர் அதன் பக்கம் திரும்பிவிட்டார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகள் நிவேதா பையைக்கூடக் கழற்றாமல் பொரி பக்கத்தில் விழுந்து அழுதாள். நேற்று ராத்திரி தெருத் தெருவாகத் தேடியவள்.

ஜூலை 9, புதன்

ஒன்றுக்கு: மூன்று தடவை, அமுக்கி. இரண்டுக்கு: இல்லை. சோறு, அவித்த முட்டை பாதி.

அமுக்குவது எப்படி என்று டாக்டர் என் கையைப் பிடித்துக் காட்டியிருந்தார். அடிவயிற்றில் இரண்டு பக்கமும் விரல்களை வைத்துத் தேட வேண்டும். உள்ளே எலுமிச்சம்பழம் போல உருண்டையாகத் தட்டுப்படும். மெதுவாக, விடாமல் அழுத்த வேண்டும். இன்று காலை அரை மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. எனக்கு வேர்த்துக் கொட்டியது. பொரி கொஞ்சமும் முரண்டு பிடிக்கவில்லை. தலையைத் திருப்பி என் முழங்கையை நக்கிக்கொண்டே இருந்தது.

நக்க வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன்.

ஜூலை 10, வியாழன்

ஒன்றுக்கு நான்கு தடவை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தேன். தறிக்கூடத்திலிருந்து துண்டுக்கட்டு வந்தது. வீட்டிலிருந்தே மடித்துக் கட்டுப்போடும் என் கூலிவேலை பாதிதான் முடிந்தது.

ஜூலை 11, வெள்ளி

இன்று நிவேதாவும் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் வயிற்றுவலி என்று சொல்லிக்கொள்வாளாம். போகட்டும்.

டாக்டர் காதுக்குழாயை அவள் காதில் மாட்டி மறுமுனையைப் பொரியின் நெஞ்சில் வைத்தார். நிவேதா கண்ணை மூடிக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்து, "ஒரே மாதிரி அடிக்கலையே டாக்டர், நோயா?" என்றாள்.

"இல்லடா. நாயிக்கு அப்படித்தான். மூச்ச உள்ள இழுக்கும்போது வேகமா அடிக்கும், விடும்போது நிதானமாயிரும். நல்ல நெஞ்சு."

எனக்கும் கொடுத்தார். கேட்டேன். ஓடிவந்து, நின்று, பிறகு மறுபடி ஓடிவருகிற மாதிரி இருந்தது. அதற்குமேல் கேட்க முடியாமல் கழற்றிக் கொடுத்துவிட்டேன். குழாய் காதை உறுத்தியது.

ஜூலை 13, ஞாயிறு

எர்ணாகுளத்திலிருந்து நிவேதா அப்பா போன் பண்ணினார். அங்கே ஒரு ஓட்டலில் பரோட்டா போடுகிறார். நான்கு வருஷத்துக்கு முன் பொரியைச் சட்டைப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்தவர் அவர்தான்.

"அம்புட்டுத் தூரம் எப்பிடிப் போச்சு அது? தெருமுக்கக்கூடத் தாண்டாதே?"

எல்லோரும் இதையே கேட்கிறார்கள்.

ஜூலை 15, செவ்வாய்

நோட்டில் ஒன்றுக்கு, சோற்றுக் கணக்கை மட்டுமே பார்க்கிற டாக்டர் "அருமையா எழுதுறீங்க" என்றார். படுக்கைப்புண் வரவில்லை. காலில் இன்னும் அசைவு இல்லை. கால் ஒவ்வொன்றையும் சைக்கிள் மிதிப்பது போல இருபது தடவை மடக்கி நீட்டச் சொன்னார்.

வீடு திரும்பியதும் வீட்டுக்கார இந்திராணி அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தார். நிவேதா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். நல்லதாகப் போயிற்று.

"ஏ பவுனு, வெளிய விட்டாச்சுக்கான்னு அன்னிக்குத் திங்கக்கிழம நீதானே சொன்ன? இப்ப நடுவீட்டுல படுத்துக்கெடக்கு?"

"அடிபட்டுருச்சுக்கா."

"எனக்கும் பாவமாத்தான் இருக்கு. படியில விழுந்து எம்பேரனுக்கு முன்பல்லு பாதி போச்சே, அதுக்கு நான் என்ன செய்ய? வெளையாட்டுக்குத்தான் பாஞ்சுச்சு, இல்லைங்கல. அவன் இன்னும் படியிறங்க மாட்டேங்குறான். நாய் இருக்கணும், இல்ல நீங்க இருக்கணும்னு அன்னிக்கே சொல்லிட்டேன்."

அக்கா பொரியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"நாளன்னிக்கு ஆடி பொறக்குது. ஆடியில யாரையும் வீட்ட விட்டுப் போன்னு சொல்லக்கூடாது. ஆவணி பொறந்ததும் ஒரு முடிவு சொல்லு."

பொரி ஒன்றுக்கு: நான்கு.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் தேதி. காலைப் பயிற்சி இருபது, மாலை இருபது. அசைவு இல்லை.

ஜூலை 18, வெள்ளி

அசைவு இல்லை. அந்தக் குப்பை வண்டி அம்மாவின் நாய் இறந்துவிட்டது. இன்று அவர் வெறுங்கையோடு வந்து, மிச்சமிருந்த மாத்திரையைத் திருப்பிக் கொடுத்தார். "வேற யாருக்காவது ஆகும்ல" என்றார். பதினாறு வயது நாயாம். கல்யாணமான வருஷம் வந்ததாம். எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஒவ்வொரு பிராணியின் தலையிலும் கைவைத்துவிட்டுப் போனார்.

ஜூலை 20, ஞாயிறு

ஒன்றுக்கு ரத்தமாக வந்தது. உடம்பு கொதிக்கிறது. சோற்றை முகரவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி கிடையாது. நோட்டின் அட்டையில் இருந்த நம்பருக்கு நிவேதா போன் போட்டாள். யாரும் எடுக்காமல் மணி அடித்தே நின்றுவிடும் என்று நினைத்தேன்.

நாற்பது நிமிஷத்தில் வாசலில் ஸ்கூட்டர் நின்றது. டாக்டர் ஜன்னத், கையில் பையோடு. வீட்டில் விருந்தாளிகள் வந்திருந்தார்களாம், பிரியாணிக் கையைக் கழுவிவிட்டு வந்ததாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். வாசலிலேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

எங்கள் வீட்டுக்கு இதுவரை டாக்டர் யாரும் வந்ததில்லை. நிவேதாவுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, பஸ்ஸில் நின்றுகொண்டே தூக்கிப்போனேன். இன்று ஒரு நாய்க்காக ஒரு டாக்டர் எங்கள் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு எங்கே நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

துணி காயப்போடும் கொடியில் குளுக்கோஸ் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டார். சொட்டுச் சொட்டாக இறங்கியது. ஒன்றரை மணி நேரமும் அவர் போகவில்லை. மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த இந்திராணி அக்கா இறங்கிவந்து நாற்காலி போட்டார். கொஞ்சம் கழித்து மோர் கொண்டுவந்தார்.

"ஏம்மா, இதுக்கெல்லாம் யாரு காசு குடுக்குறா?" என்று கேட்டார்.

"யாராவது குடுக்குறாங்கம்மா. அதுக்குத் தனியா ஆளு இருக்காங்க. என் வேலை இதுதான்."

"பொழைக்குமா?"

"தெரியல. மூத்திரப்பையில கிருமி. மருந்து கேட்டுச்சுன்னா பொழைக்கும்." பிறகு என்னைக் காட்டி, "இவங்க கை நல்ல கை. இவ்வளவு நாளு புண்ணு வராம வச்சிருக்காங்க. இந்த மாதிரி பாக்குற ஆளு ஆயிரத்துல ஒண்ணு" என்றார்.

இந்திராணி அக்கா என்னைப் பார்த்தார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஜூலை 21, திங்கள்

காய்ச்சல் இறங்கவில்லை. நாலு சொட்டுத் தண்ணீரைப் பஞ்சில் நனைத்து வாயில் விட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

காய்ச்சல் குறைந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். மதியம் கஞ்சித்தண்ணி குடித்தது.

ஜூலை 25, வெள்ளி

காலை ஏழு மணி. கொடியில் துணி போட்டுவிட்டுத் திரும்பினேன். பொரி என்னைப் பார்த்தது. வாலின் நுனி அசைந்தது.

ஈ உட்கார்ந்ததோ என்று நினைத்தேன். "பொரி" என்றேன். மறுபடி அசைந்தது. தரையில் தட்டும் சத்தம்கூட இல்லை, ஒரு விரல் அளவுதான். பதினெட்டு நாள் செத்துக் கிடந்த வால்.

நிவேதாவை உலுக்கி எழுப்பினேன். இரண்டு பேரும் தரையில் படுத்து, கன்னத்தைச் சிமெண்டில் வைத்துக்கொண்டு, அந்த வாலையே பார்த்தோம். மூளை அங்கே இருக்கிறது, வால் இங்கே இருக்கிறது, நடுவில் நசுங்கிப்போன கயிறு. என்னைப் பார்த்த சந்தோஷம் அந்த நசுங்கின வழியாகத் தட்டுத்தடுமாறி நுனிவரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

என்னைப் பார்த்த சந்தோஷம்.

டாக்டரிடம் சொன்னதும் அவர் மேஜையைத் தட்டினார். வரிசையில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். "பொரி வால ஆட்டிருச்சு" என்று ஆஸ்பத்திரி முழுக்கச் செய்தி போயிற்று. பூனைக்காரர் எனக்கு டீ வாங்கித் தந்தார்.

ஜூலை 29, செவ்வாய்

ஒன்றுக்கு: மூன்று அமுக்கி. ஒன்று தானாக!

ஆகஸ்ட் 1, வெள்ளி

இடது பின்னங்காலை ஊன்றப் பார்க்கிறது. வலது இன்னும் இழுபடுகிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. தேங்காய்ச் சோறும் எலுமிச்சைச் சோறும் கிண்டினேன். பொரிக்கு வெள்ளைச் சோறு.

தறிக்கூடத்தில் ஓரம் பிசகி ஒதுக்கிவைத்த நீளத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தேன். அதைப் பொரியின் வயிற்றுக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனையையும் நான் தூக்கிப் பிடித்துக்கொள்ள, நிவேதா முன்னால் முட்டிபோட்டுக் கூப்பிடுவாள். டாக்டர் சொல்லித்தந்த நடைபயிற்சி. ஆறு அடி போனோம். பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. பொரிக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. ஆறு அடி முடிந்ததும் இன்னும் போகலாம் என்பது போல என்னைத் திரும்பிப் பார்த்தது.

மாடிப்படியில் இந்திராணி அக்காவின் பேரன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கவில்லை. போகவும் இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

பதினைந்து அடி.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பார்த்ததை எழுதச் சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் துண்டுக்கட்டைத் தறிக்கூடத்தில் இறக்கிவிட்டு வந்தேன். நிவேதா குழாயடியில் இருந்தாள். கதவைத் தள்ளினேன். பொரி மூலையில் சாக்கின் மேல் படுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முன்னங்கால்களை ஊன்றியது. அது எப்போதும் செய்வதுதான். பிறகு இடுப்பு மேலே வந்தது. நடுங்கிற்று. உட்கார்ந்துவிட்டது. மறுபடி வந்தது. நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். துண்டும் இல்லை, பிடிக்க ஆளும் இல்லை. நான்கு கால்களும் தரையில் இருந்தன. பின்னங்கால்கள் இரண்டும் அகன்று, கழன்ற நாற்காலிக்கால் மாதிரி ஆடிக்கொண்டு, ஆனால் நின்றன. அந்த உடம்பு அதுவாகவே நின்றது.

ஒரு எட்டு வைத்தது. இரண்டு. மூன்றாவது எட்டில் சரிந்து, என் காலடியில் வந்து விழுந்து, என் பாதத்தின் மேல் தாடையை வைத்துக்கொண்டது.

வாசலில் குடத்தோடு நிவேதா நின்றிருந்தாள். "அம்மா, ஒனக்காகத்தாம்மா எந்திரிச்சுச்சு" என்றாள். "ஒன்னப் பாத்ததும் எந்திரிச்சுருச்சும்மா."

ஒரு பிள்ளை பெற்றிருக்கிறேன். அன்றுகூட நான் இப்படி நடுங்கவில்லை.

சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நிவேதா நினைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று ஆஸ்பத்திரியில் அந்தப் பஞ்சர் கடைக்காரர் வந்திருந்தார். ஒச்சப்பன் என்று பெயர். ரோட்டில் அடிபட்ட குட்டி ஒன்றை அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். பொரியைப் பார்த்தார். பொரி துண்டுப் பிடியில் நின்றுகொண்டிருந்தது. அவர் எழுந்தேவிட்டார்.

"யாத்தே! இது அதுவா?"

நிவேதா, "ஒங்களுக்குப் பொரியத் தெரியுமா?" என்று கேட்டாள். அவள் இன்று வந்திருக்கக் கூடாது. பரீட்சை முடிந்து சீக்கிரம் விட்டுவிட்டார்கள்.

நான் அங்கே ஷேர் ஆட்டோவில் இறங்கியதும் அவருக்குத் தெரியும். பஸ் ஏறியதும் தெரியும். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து பொரியின் காதைத் தடவினார்.

"தெரியும் பாப்பா. ஏங்கடைக்கு முன்னாடிதான் கெடந்துச்சு. தண்ணி வச்சேன். மறுநாக் காலையில மொத பஸ்ல ஒங்கம்மா வந்து எறங்குச்சு. நான் இன்னும் கடையத் தொறக்கல. அழுதுக்கிட்டே ரோட்டத் தாண்டி ஓடியாந்துச்சு. அத நான் பாத்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். பாதியைத்தான் சொன்னார். என்னுடைய நல்ல பாதியை மட்டும். முன்பின் தெரியாத மனிதர். கிரீஸ் படிந்த விரலால் குட்டியின் பெட்டியை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பி வரும்போது நிவேதா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்தக் கையை என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

அந்தத் திங்கட்கிழமை அவள் டியூஷனில் இருந்தபோது, நான்தான் பொரியை ஷேர் ஆட்டோவில் ஏற்றி ரிங் ரோட்டுக்குக் கொண்டுபோனேன். வீட்டைவிட்டுப் போகச் சொன்னால் நம் மூன்று பேருக்கும் போக்கிடம் இல்லை என்று எனக்கு நானே நூறு தடவை சொல்லிக்கொண்டேன். அங்கே சாப்பாட்டுக் கடைகள் உண்டு, பிழைத்துக்கொள்ளும் என்றும் சொல்லிக்கொண்டேன். ரொட்டியைப் பிய்த்துப் போட்டேன். அது தின்றுகொண்டிருக்கும்போது பஸ்ஸில் ஏறினேன். பஸ் கிளம்பியதும் அது ரொட்டியை விட்டுவிட்டுப் பின்னால் ஓடிவந்தது. கடைசி சீட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மினி லாரி ஒன்று இடித்தது. அது உருண்டதைப் பார்த்தேன்.

நான் இறங்கவில்லை. கண்டக்டர் டிக்கெட் கொடுத்தார். வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன். அவ்வளவும் செய்தேன்.

செத்துப்போயிருக்கும் என்று நினைத்துத்தான் மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். புதைக்கவாவது செய்வோம் என்று. ரோட்டில் அது இல்லை. அடிபட்ட இடத்திலிருந்து நாற்பது ஐம்பது அடி, முன்னங்காலாலேயே உடம்பை இழுத்துக்கொண்டு, நான் அதை விட்டுவிட்டுப் போன பஸ் நிறுத்தத்துக்கே திரும்பி வந்து படுத்திருந்தது. "ஒவ்வொரு பஸ்ஸு நிக்கும்போதும் தலையத் தூக்கிப் பாக்குதும்மா. எறங்குற ஆள ஒவ்வொண்ணாப் பாக்குது" என்றார் அந்த ஒச்சப்பன். நான் இறங்கினேன். என்னைப் பார்த்தது. அது என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். நிவேதா எழுந்து போய்ப் பொரியின் பக்கத்தில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 13, புதன்

ஒன்றுக்கு: தானாக நான்கு. துண்டு நடை முப்பது அடி.

நிவேதா பேசவில்லை. ஆனால் நடைபயிற்சிக்கு இரண்டு ஆள் வேண்டும். நான் பின்னால் துண்டைப் பிடிக்க, அவள் முன்னால் நடந்தாள். பொரி ஒருமுறை அவளைப் பார்த்தது, ஒருமுறை என்னைப் பார்த்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்

பேசவில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 16, சனி

மத்தியானம் துண்டு மடித்துக்கொண்டிருந்தேன். நிவேதா வந்து எதிரே உட்கார்ந்தாள். தானும் ஒரு துண்டை எடுத்து மடித்தாள். பிறகு தலை நிமிராமல் கேட்டாள்.

"நீ பஸ்ல ஏறுனப்ப அது கொரைச்சுச்சா?"

"இல்ல."

"பின்ன?"

"வால ஆட்டுச்சு."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். நான் பக்கத்தில் போகவில்லை. போகிற உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. கட்டு முழுவதையும் இரண்டு பேருமாக மடித்து முடித்தோம். கடைசித் துண்டின்போது, "என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல. நாம சேந்து யோசிச்சிருப்போம்ல" என்றாள்.

பதிமூன்று வயது.

"இப்ப யோசிப்போமா?" என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தது. காலையிலேயே மாடிக்குப் போய் இந்திராணி அக்காவிடம், நாங்கள் காலி செய்கிறோம் என்று சொல்லிவிட்டேன். நேற்றே நானும் நிவேதாவும் தத்தனேரிக்குப் போய் வீடு பார்த்துவிட்டோம். ஒரே அறை. மேலே தகரம். மயானத்துக்குப் போகிற வழி என்பதால் யாரும் குடிவருவதில்லையாம். பறையொலி கேட்கும், பரவாயில்லையா என்று அந்த வீட்டுக்காரர் கேட்டார். நாய் இருக்கிறது, பரவாயில்லையா என்று நாங்கள் கேட்டோம். "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது" என்றார்.

இந்திராணி அக்கா நிலையில் சாய்ந்துகொண்டார். "அந்த டாக்டர் வந்தன்னைக்கே எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு பவுனு. இருந்துக்கன்னு சொல்லத்தான் நெனச்சேன். எம்பேரன் பயந்து சாகுறான்டி" என்றார்.

"தெரியும்க்கா. அவன் பிள்ளைதானே."

நிஜமாகவே எனக்கு அவர் மேல் கோபம் இல்லை.

ஆகஸ்ட் 20, புதன்

குடிவந்துவிட்டோம். பால் காய்ச்சினேன். தகரம் காந்துகிறது. மதியத்துக்கு மேல் மேளச்சத்தத்தோடு ஒரு ஊர்வலம் போயிற்று. பொரி காதைத் தூக்கிக் கேட்டுவிட்டுத் தூங்கிவிட்டது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஆஸ்பத்திரி வாசலில் துண்டை எடுத்துவிட்டேன். பொரி நடந்து உள்ளே போனது. இடுப்பு ஒரு பக்கம் ஒடித்து ஒடித்து, குடித்தவர் நடை மாதிரி. ஆனால் வாசலிலிருந்து டாக்டர் மேஜைவரைக்கும் தானாக நடந்தது. வரிசையில் இருந்தவர்கள் தங்கள் பிராணிகளை இழுத்துப் பிடித்துக்கொண்டு வழிவிட்டார்கள். டாக்டர் எழுந்து நின்றுகொண்டார்.

"இந்த நடை இப்படியேதான் இருக்கும். அழகா வராது" என்றார்.

"இதவிட அழகு வேண்டாம் டாக்டரம்மா."

சீட்டில் என்னமோ எழுதிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். "அன்னிக்கு ரிங் ரோட்டுக்கு எப்படிப் போச்சுன்னு கேட்டீங்க. நான்தான் கொண்டுபோய் விட்டேன்."

பேனா நின்றது. என்னைப் பார்த்தார். சமாதானம் சொல்வார் என்று நினைத்தேன். திட்டுவார் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை. பொரியைப் பார்த்தார். அது என் சேலை முந்தியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"பன்னெண்டு வருஷமா இந்த வேலை பாக்குறேன் பவுன்தாய். அதுங்களோட எலும்பு தெரியும், நரம்பு தெரியும், ரத்தம் தெரியும். இது மட்டும் எங்க இருக்குன்னு இன்னும் எனக்குத் தெரியல" என்றார்.

அடுத்த சீட்டைக் கூப்பிடச் சொன்னார். இனிமேல் மாதம் ஒருமுறை வந்தால் போதுமாம். நோட்டு எழுத வேண்டியதில்லையாம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இன்று ஒருநாள் மட்டும்.

இந்த வீட்டுக்கு வாசல் கேட் கிடையாது. கதவைத் திறந்தால் தெரு. காலையில் திறந்துவைத்துவிட்டு நானும் நிவேதாவும் நிலைப்படியில் உட்கார்ந்தோம். பொரி எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து வெளியே போயிற்று. நிவேதா எழப் போனாள். பிறகு தானாகவே உட்கார்ந்துகொண்டாள்.

ஒடிந்து ஒடிந்து நடுத்தெருவுக்குப் போனது. ஒரு கல்லை முகர்ந்தது. ஒரு ஆட்டோ வந்து, ஆரன் அடிக்காமல் நின்றது. பொரி சாவகாசமாகக் குந்தி ஒன்றுக்குப் போயிற்று. பிறகு மூக்கைத் தூக்கி, மயானத்துப் பக்கம் பார்த்தது, பெரிய ரோட்டுப் பக்கம் பார்த்தது. எங்கே வேண்டுமானாலும் போகலாம். நான்கு பக்கமும் திறந்து கிடந்தது.

நிவேதா கூப்பிடவில்லை. எனக்குக் கூப்பிட வாய் வரவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அது திரும்பி வந்தது.